புதுப்பிப்பு: கொலம்போ டிவிடியில் காணாமல் போன மூன்று நிமிடம்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: ‘கொலம்போ’ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரின் 1971ஆம் ஆண்டுக் கதை ஒன்று, அமெரிக்க டிவிடியில் 75 நிமிடம் ஓடுகிறது, ஐரோப்பியப் பதிப்பில் 72 நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது, காட்சியை வெட்டிவிட்டார்களா என்று.

சரி, விஷயம் பிடிபட்டது. வெட்டு எதுவும் இல்லை. இரண்டையும் அருகருகே ஓட்டிப் பார்த்தேன். தொடக்கத்தில் ஒன்றாகப் போனவை, பத்தாவது நிமிடத்தில் ஏறத்தாழ 25 விநாடி விலகியிருந்தன. படம்பிடித்தது பிலிமில், நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் அதையே 25ஆக ஓட்டிவிடுகிறார்கள். வேகம் 4 சதவீதம் கூடுகிறது, அவ்வளவுதான்.

படத்தில் வித்தியாசம் தெரியவே தெரியாது. குரலில்தான் மாட்டிக்கொள்ளும். கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபாக்கின் அந்தக் கரகரப்பு லேசாகக் கீச்சென்று ஏறிவிடுகிறது. பாதி நடிப்பே அந்தக் குரலில்தானே!

அதனால் அமெரிக்கத் தட்டுகளையே வைத்துக்கொள்கிறேன். அவை மண்டலம் 1, அதாவது வட அமெரிக்க பிளேயர்களில் மட்டும் ஓடும்படி பூட்டப்பட்டவை என்பதால் எல்லா மண்டலத் தட்டும் ஓடும் பிளேயர் வேண்டும். அப்புறம், இன்னொன்று: இருபுறமும் பதிவான தட்டுகளில் லேபிள் ஒட்ட இடமே கிடையாது, நடு வளையத்தில் பொடி எழுத்துதான். ஏ பக்கமா பி பக்கமா என்று பார்க்க எனக்கு இப்போது பூதக்கண்ணாடி தேவைப்படுகிறது.