இறால் ஆலைக்கு எவாப்பரேட்டிவ் கண்டென்சர் சரிவருமா?

கடலோரம்: தூத்துக்குடியில் இறால் உறையவைக்கும் ஆலை, அம்மோனியாவை வைத்துக் குளிரவைக்கும் சிஸ்டம். வெளியே தள்ள வேண்டிய வெப்பம் 500 கிலோவாட். முதலாளி எவாப்பரேட்டிவ் கண்டென்சர் கேட்கிறார்; அதாவது குழாய் மேல் தண்ணீர் தெளித்து, அது ஆவியாகும் குளிர்ச்சியில் உள்ளே ஓடும் அம்மோனியா வாயுவைத் திரவமாக்குவது. எனக்கு ஒப்பவில்லை. கடற்காற்று ஏற்கெனவே ஈரம், அதில் தண்ணீர் எங்கே ஆவியாகும்? வெறும் காற்றில் குளிரும் கண்டென்சரே போதும்.

ஈரத்துணி: தம்பி, தெர்மாமீட்டர் முனையில் நனைத்த துணியைச் சுற்றிக் காற்றில் பிடித்துப் பாருங்கள். மே மாத மதியம் வெளியே 38 டிகிரி இருக்கும்போதும் அது 28 பக்கம்தான் காட்டும். இந்த கண்டென்சருக்கு அந்த 28தான் கணக்கு. அம்மோனியா 37 டிகிரியில், 14 பார் அழுத்தத்தில் திரவமாகிவிடும். வெறும் காற்றென்றால் 50 டிகிரி, 20 பார். ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரசர் கரண்ட் 2 முதல் 3 சதவீதம் ஏறும். 13 டிகிரிக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

கடலோரம்: சரி, கரண்டில் தோற்றேன். தண்ணீருக்கு என்ன பதில்? ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் எடுத்துப் போகும். அப்படியானால் 500 கிலோவாட்டுக்கு மணிக்கு 750 லிட்டர். உப்பு சேராமல் வடித்துவிடுவதையும் சேர்த்தால், முழு லோடில் நாளுக்கு 27,000 லிட்டர். குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்குகிற ஊர் அண்ணே இது.

ஈரத்துணி: அந்தக் கவலை நியாயம். இறால் கழுவிய நீரைச் சுத்திகரித்து, உப்பைக் குறைத்துக் கண்டென்சருக்கு விடலாம். அதற்கும் செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் மிச்சமாகும் கரண்ட் காசு அதைத் தாங்கும்.

ஸ்பேனர்: இரண்டு பேரும் கண்டென்சரைத் திறந்து காயிலை, அம்மோனியா ஓடும் குழாய்ச் சுருளை, பார்த்துவிட்டுப் பேசுங்கள். தண்ணீர் தெளிக்கும் நாசில் ஒன்று அடைத்தால் அதற்குக் கீழே குழாய் நனைந்து நனைந்து காயும். அந்த இடத்தில் முட்டை ஓடு போல வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடிக்கும். ஒரு மில்லிமீட்டர் பிடித்தாலே வெப்பம் கடப்பது நன்றாகக் குறைந்துவிடும், கணக்கில் போட்ட 37 டிகிரி 42 ஆகும். உளியால் தட்டினாலும், காட்டமான ஆசிட் ஊற்றினாலும் துத்தநாகப் பூச்சு போய்க் குழாய் துருப்பிடிக்கும். அப்புறம் அம்மோனியா கசிவுதான். ராத்திரி குளிர்ச்சியாக இருக்கிறதென்று தண்ணீர் பம்பை அடிக்கடி நிறுத்திப் போடுகிறவர்களுக்கு இது சீக்கிரமே வரும்.

கடலோரம்: இதைத்தான் கேட்க வந்தேன். வாரம் ஒரு தடவை நாசில் பார்க்க ஆள் போடுவாரென்றால் நானே முதலாளியிடம் சரி சொல்லிவிடுகிறேன். ஆள் இல்லையென்றால் காற்றுக் கண்டென்சர்தான், கரண்ட் போனாலும் போகட்டும்.