பக்கம் திறக்கிறது, ஆனால் பட்டியலும் நாட்காட்டியும் பொத்தானும் இயங்கவில்லை: வீட்டுக் கணினியில் மட்டும் சிக்கல்

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் விண்டோஸ் 10 நிறுவிய பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. தங்கைக்காக ஒரு நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தை அதில்தான் நிரப்பி வருகிறோம். விண்ணப்பப் பக்கம் முழுமையாகத் திறக்கிறது; எழுத்துகளும் படங்களும் சரியாகவே தெரிகின்றன. ஆனால் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அதற்குக் கீழே வட்டங்களின் பட்டியல் நிரம்புவதில்லை. பிறந்த தேதிக்கான கட்டத்தைச் சொடுக்கினால் நாட்காட்டி விரிவதில்லை. புகைப்படம் ஏற்றும் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் நடப்பதில்லை. பிழைச் செய்தி ஏதாவது வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தேடலாம், அதுவும் வருவதில்லை.

அதே வைஃபையில் கைபேசியில் திறந்தால் எல்லாம் இயங்குகிறது. ஆனால் ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் எல்லாம் கணினியில்தான் இருக்கின்றன. க்ரோமின் கேஷை (உலாவி சேமித்து வைக்கும் பழைய கோப்புகளை) அழித்தேன். க்ரோமையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். எட்ஜிலும் திறந்து பார்த்தேன். மாற்றம் இல்லை. அருகிலுள்ள கணினிக் கடையில் விண்டோஸைப் புதிதாகப் போட்டால்தான் சரியாகும் என்கிறார்கள். குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் அதில் இருப்பதால் தயக்கமாக இருக்கிறது. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

குறிஞ்சி:
வணக்கம். தயவுசெய்து விண்டோஸை இப்போது தொட வேண்டாம். நீங்கள் தந்த விவரங்களே பாதி வேலையை முடித்துவிட்டன. அதே வைஃபையில் கைபேசியில் இயங்குகிறது என்றால் அந்தத் தளத்திலும் உங்கள் இணைய இணைப்பிலும் குறை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. க்ரோம், எட்ஜ் இரண்டிலும் ஒரே மாதிரி நின்றுபோகிறது என்றால் காரணம் கேஷோ, குக்கியோ, ஏதாவது ஒரு உலாவியில் சேர்த்த விளம்பரத் தடுப்பானோ அல்ல; இரண்டு உலாவிகளும் பொதுவாகச் சார்ந்திருக்கும் ஏதோ ஒன்று, அதாவது கணினியின் கடிகாரமோ, ஆன்டிவைரஸோ, தளத்தின் பெயரை வைத்து அதன் சர்வரைக் கண்டுபிடிக்கும் டிஎன்எஸ் அமைப்போதான் காரணமாக இருக்க வேண்டும்.

எது என்று ஊகிக்கத் தேவையில்லை, உலாவியே சொல்லிவிடும். விண்ணப்பப் பக்கத்தில் எஃப்12 விசையை அழுத்துங்கள்; வலப்பக்கத்திலோ கீழேயோ ஒரு பலகை திறக்கும். அதில் 'கன்சோல்' என்ற பகுதிக்குச் சென்று, பலகை திறந்திருக்கும்போதே எஃப்5 அழுத்திப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். சிவப்பு வரிகள் பல வரக்கூடும். எண்ணிக்கையைப் பார்த்து அஞ்ச வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே உள்ள முதல் சிவப்பு வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் இங்கே பதியுங்கள். திரையைப் படமெடுத்துப் பதிவதானால் தங்கையின் பெயர், பதிவு எண் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: யாராவது ஒரு நிரல் வரியைக் கொடுத்து அந்தக் கன்சோலில் ஒட்டச் சொன்னால் ஒட்டாதீர்கள், நீங்கள் உள்நுழைந்திருக்கும் கணக்கைத் திருட அது ஒரு வழி.

வைகைக்கரை:
மிக்க நன்றி. முதல் சிவப்பு வரியில் ஜேக்வெரி என்ற பெயர் கொண்ட ஒரு கோப்பின் முகவரி இருக்கிறது. அது தேர்வுத் தளத்தின் முகவரி அல்ல, வேறு ஏதோ சர்வருடையது. அதன் முடிவில் 'எரர் சர்ட் டேட் இன்வேலிட்' என்று வருகிறது. அதற்குக் கீழே உள்ள வரிகள் எல்லாம் 'ஜேக்வெரி இஸ் நாட் டிஃபைன்ட்' என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கடிகாரம் என்று நீங்கள் குறிப்பிட்டதால் திரையின் மூலையைப் பார்த்தேன். ஆண்டு சரியாக இருக்கிறது, ஆனால் தேதி போன மாதத்தில் நிற்கிறது. தேடுபொறியைத் திறக்கும்போது கடிகாரம் பின்தங்கியிருப்பதாக அவ்வப்போது ஒரு எச்சரிக்கை வருவதாகத் தங்கையும் சொல்கிறாள். வேலை முடிந்ததும் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிடுவது எங்கள் வழக்கம். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

குறிஞ்சி:
உண்டு, நேரடித் தொடர்பே உண்டு. இணையத்தில் பாதுகாப்பான ஒவ்வொரு சர்வரும் தன் அடையாளத்தை உறுதிசெய்யும் ஒரு மின்னணுச் சான்றிதழைக் காட்டுகிறது. அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்பது அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். உலாவி அதை உங்கள் கணினியின் தேதியோடு ஒப்பிடுகிறது. தேர்வுத் தளத்தின் சான்றிதழ் சில மாதங்களுக்கு முன்பே வாங்கப்பட்டிருக்கும். உங்கள் கணினி காட்டும் பழைய தேதியிலும் அது செல்லுபடியாவதால் பக்கம் தடையின்றித் திறக்கிறது. ஜேக்வெரி என்பது பல தளங்கள் பயன்படுத்தும் ஒரு பொது நிரல் கோப்பு. அதை வழங்கும் சர்வரோ அண்மையில்தான் சான்றிதழைப் புதுப்பித்திருக்கும். உங்கள் கணினியின் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவேயில்லை, ஆகவே உலாவி அந்தக் கோப்பை வாங்க மறுத்துவிடுகிறது. முதன்மைப் பக்கத்தின் சான்றிதழில் குறை இருந்தால் திரை முழுக்க எச்சரிக்கை வரும். பக்கத்துக்குள் அழைக்கப்படும் துணைக் கோப்பில் குறை இருந்தால் கன்சோலில் ஒரு வரி விழுவதோடு சரி. உங்களுக்கு எந்தச் செய்தியும் தெரியாமல் போனது அதனால்தான்.

வட்டங்களின் பட்டியல், நாட்காட்டி, புகைப்படப் பொத்தான் மூன்றும் அந்த ஒரே கோப்பை நம்பி எழுதப்பட்டவை. அது வராததால் மூன்றும் ஒன்றாக நின்றுவிட்டன. கீழே உள்ள சிவப்பு வரிகள் அனைத்தும் முதல் வரியின் விளைவுகளே.

இனி தேதி ஏன் பின்தங்குகிறது என்பதற்கு வருவோம். மின்சாரம் முழுவதும் நின்றிருக்கும்போது மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற மூன்று வோல்ட் பேட்டரிதான் கடிகாரத்தை ஓட்டுகிறது. பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சிஆர் 2032 வகை. அது தளர்ந்துபோனால் சுவர் சுவிட்ச் அணைந்திருக்கும் நேரமெல்லாம் கடிகாரம் நின்றுவிட்டு, மறுபடி இயக்கும்போது விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கலாம். முற்றிலும் தீர்ந்துவிட்டால் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அப்போது எந்தத் தளமும் திறக்காது என்பதால் காரணம் உடனே தெரிந்துவிடும். உங்களுடையது இடைப்பட்ட நிலை, கண்டுபிடிக்கச் சிரமமான நிலை. விண்டோஸ் இணையத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும்தான். ஆனால் வீட்டுக் கணினிகளில் வேறுபாடு 15 மணி நேரத்துக்கு மேல் போனால் இயல்பான அமைப்பில் அது தானாகத் திருத்தாது.

ஆகவே முதலில் தேதியையும் நேரத்தையும் கையால் சரிசெய்யுங்கள். நேர மண்டலம் இந்திய நேரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகு அதே அமைப்புப் பக்கத்தில் உள்ள 'சிங்க் நவ்' பொத்தானை அழுத்தி, உலாவியை மூடித் திறந்தால் விண்ணப்பம் இயங்க வேண்டும். பேட்டரியை இந்த வாரத்துக்குள் மாற்றிவிடுங்கள். சர்வர்கள் காட்டும் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2020 முதல் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச்சிலிருந்து 200 நாள் என்றும், 2029 மார்ச்சில் 47 நாள் என்றும் குறைக்க 2025-இல் முடிவெடுக்கப்பட்டது. ஆயுள் குறையக் குறையப் புதுப்பிப்பு அடிக்கடி நடக்கும். சில வாரங்கள் பின்தங்கிய கடிகாரம் இன்னும் பல தளங்களை முடக்கிவிடும்.

வைகைக்கரை:
தேதியைத் திருத்தியதும் வட்டங்களின் பட்டியல் உடனே நிரம்பியது, நாட்காட்டியும் விரிந்தது, புகைப்படமும் ஏறிவிட்டது. தங்கை விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துவிட்டாள். உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. பேட்டரியை நானே மாற்றலாமா, கடையில் கொடுப்பது நல்லதா?

தாமிரபரணி:
மேசைக் கணினி என்பதால் நீங்களே மாற்றலாம். ஆனால் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரல்) அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். ஹார்ட் டிஸ்க் மதர்போர்டோடு தொடர்புகொள்ளும் முறை 'ஐடிஇ'யா, 'ஏஹெச்சிஐ'யா என்ற அமைப்பு மாறிவிட்டால் விண்டோஸ் தொடங்காமல் நின்றுவிடும். உடனே டிஸ்க் போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள். ஆகையால் கழற்றுவதற்கு முன் பயாஸுக்குள் சென்று ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பேட்டரியின் ஓரத்தில் உள்ள சிறு கொக்கியை நகர்த்தினால் அது மேலெழும்பும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வையுங்கள்.

செம்பருத்தி:
எனக்கும் ஏறக்குறைய இதே சிக்கல்தான், ஆனால் என் கணினியில் தேதி சரியாக இருக்கிறது. விண்டோஸ் 7, க்ரோம் 109. நான் வழக்கமாகப் பொருள் வாங்கும் தளத்தில் தேடல் முடிவுகளை விலை வாரியாக வரிசைப்படுத்த முடியவில்லை. கன்சோலின் முதல் வரியில் 'டு சார்ட்டட் இஸ் நாட் எ ஃபங்ஷன்' என்று வருகிறது.

குறிஞ்சி:
உங்களுடையது வேறு காரணம். 'டு சார்ட்டட்' என்பது பட்டியலை வரிசைப்படுத்தும் ஒரு நிரல் கட்டளை. அது க்ரோமில் 110-ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு; அந்தப் பதிப்பு 2023 பிப்ரவரியில் வந்தது, அது விண்டோஸ் 7-இல் நிறுவப்படாது. எவ்வளவு அமைப்புகளை மாற்றினாலும் 109-க்கு அந்தக் கட்டளை புரியப்போவதில்லை. ஃபயர்பாக்ஸ் 115 நீட்டித்த ஆதரவுப் பதிப்பு விண்டோஸ் 7-இல் இயங்கும், அதற்கு இந்தக் கட்டளை தெரியும். ஆகவே இந்தத் தளத்துக்கு அதை நிறுவிப் பாருங்கள். விண்டோஸ் 7-க்கு ஃபயர்பாக்ஸிலும் அதுவே கடைசிப் பதிப்பு என்பதால், அதைவிடப் புதிய கட்டளைகளைப் பயன்படுத்தும் தளங்கள் அதிலும் நின்றுபோகும். கணினி தாங்குமானால் இயங்குதளத்தை மாற்றுவதுதான் நிலையான வழி. உங்கள் ரேம் எவ்வளவு, பிராசசர் எது என்று பதிந்தால் எது பொருந்தும் என்று பார்க்கலாம்.