ராமநாதபுரக் கரையில் புயலுக்கு முன் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

கேள்வி (தேவிபட்டினம்):
தனுஷ்கோடி என்றதும் எல்லோரும் 1964 டிசம்பர் புயலைப் பற்றியும் இடிந்த தேவாலயச் சுவரைப் பற்றியுமே பேசுகிறார்கள். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்படுவதற்கு முன்பே மண்டபம் முதல் அந்த மணல்முனை வரை குடியிருந்தவர்கள் குடிநீருக்கும் பிழைப்புக்கும் என்ன செய்தார்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி (பாம்பன்):
முதலில் தண்ணீரைச் சொல்லவேண்டும். அது இல்லாமல் அந்த மணலில் யாரும் குடியேறியிருக்க முடியாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரைவிட இலேசானது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கும். எனவே கடலுக்கு மிக அருகிலும் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கலாம். ஆனால் ஆழமாகத் தோண்டினாலோ ஒரே நேரத்தில் அதிகமாக இறைத்தாலோ உப்பு ஏறிவிடும். அதனால்தான் குழியைச் சிறிதாகத் தோண்டி, ஊறுவதற்குப் பொறுத்திருந்து, சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தை நிரப்புவார்கள். அந்தப் பொறுமையே ஊற்றைக் காத்தது. கூரைக்கு ஓலையும், காய்ச்சிக் கருப்பட்டியாக்கப் பதநீரும் பனையே தந்தது.

மறுமொழி (கீழக்கரை):
பிழைப்பைக் காற்றுதான் தீர்மானித்தது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் கொந்தளிப்பதால் பாக் நீரிணைப் பக்கமுள்ள வடகடலில் தொழில் செய்வார்கள். வாடை தொடங்கினால் அது தலைகீழாகும். இரண்டு கடலும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பாம்பன், ராமேசுவரம் பகுதியின் பெரும் பேறு. மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த சங்கு வளையல் அறுப்பதற்காக வங்காளம் வரை சென்றது. எங்கள் ஊர் மரைக்காயர்களின் தோணிகள் இலங்கைக்கு ஓடின. இன்னும் பின்னால் போனால், வைகை கடலில் கலக்குமிடத்திலுள்ள அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் அகழாய்வில் கிடைத்துள்ளன. ஆகவே இந்தக் கரையின் கதையை ரயிலிலிருந்து தொடங்குவது பெரும் தவறு என்றே கருதுகிறேன்.

மறுமொழி (மண்டபம்):
அதை ஏற்கிறேன், ஆனாலும் ரயிலைச் சிறிதாக்கிவிட வேண்டாம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியபின் அந்த மணல்முனையில் சுங்கச்சாவடி, அஞ்சலகம், ரயில்வே குடியிருப்பு எல்லாம் எழுந்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை எங்கள் ஊர் முகாமில் நிறுத்தி, நோய் உண்டா என்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, இலங்கையிலிருந்து ஏதிலிகளாக வந்த தமிழர்களும் அதே முகாமில்தான் தங்கினார்கள். இந்தக் கரையின் வரலாற்றை எழுதுபவர் ஊற்றையும் தோணியையும் எழுதுவதோடு, அந்த முகாமையும் கட்டாயம் எழுதவேண்டும்.