சைலன்ட் ஹில்ஸ் ஹாரர் கேம் ஏன் கேன்சல் ஆச்சு? அதோட பி.டி. (ப்ளேயபிள் டீசர்) டெமோவ இப்ப விளையாட வழி இருக்கா?

ராத்திரிகேமர்:
மக்களே, 2014ல பிஎஸ்4க்கு ஃப்ரீயா வந்த பி.டி. டெமோவ இப்பதான் யூடியூப்ல பாத்தேன், மொத்தமே எல் ஷேப்ல ஒரு காரிடார், கடைசி கதவ திறந்தா மறுபடியும் அதே காரிடார்தான், ஆனா ஒவ்வொரு ரவுண்டுலயும் ஏதாவது ஒண்ணு மாறியிருக்கு, ரேடியோல கொலை நியூஸ் ஓடுது, வெலவெலத்துப் போச்சு. இத போய் ஏன் நிறுத்தினாங்க? எங்க டவுன்லோட் பண்றது?

பழையகன்சோல்:
அந்த கேம ஜப்பான் கேம் டைரக்டர் கோஜிமா டைரக்ட் பண்றதா இருந்துச்சு, கூட சினிமா டைரக்டர் கியர்மோ டெல் டோரோ, ஹீரோ நடிகர் நார்மன் ரீடஸ். டெமோவ முடிச்சாதான் இது சைலன்ட் ஹில்ஸ்னே தெரியும், அதுவரைக்கும் 7780எஸ் ஸ்டுடியோன்னு இல்லாத கம்பெனி பேர்ல மறைச்சு வச்சிருந்தாங்க. 2015 ஏப்ரல்ல கேம் கம்பெனி கொனாமி கேன்சல்னு சொல்லிட்டாங்க, அந்த வருஷக் கடைசில கோஜிமாவும் கொனாமிய விட்டு வெளிய வந்துட்டாரு.

ஜாய்ஸ்டிக்:
ஸ்டோர்ல இருந்தும் தூக்கிட்டாங்க ப்ரோ, முன்னாடி வாங்கினவங்களாலயே திரும்ப டவுன்லோட் பண்ண முடியல. அப்போ இறக்கின பிஎஸ்4 யார்கிட்டயாவது இருந்தா தயவுசெஞ்சு அத மட்டும் அழிச்சிடாதீங்க. கேம கேன்சல் பண்றது அவங்க இஷ்டம், ஆனா வெளிய வந்த டெமோவையும் இல்லாம ஆக்குறது ரொம்ப தப்பு.

பழையகன்சோல்:
உண்மைதான். ஸ்டார் ஃபாக்ஸ் 2 கேம பாருங்க, வேலை கிட்டத்தட்ட முடிஞ்சும் 90கள்ல கேன்சல் ஆச்சு, நின்டெண்டோ அத பத்திரமா வச்சிருந்து 2017ல எஸ்என்இஎஸ் மினிங்கிற குட்டி கன்சோல்ல குடுத்தாங்க. ராத்திரிகேமர், ரீடஸ்-கோஜிமா காம்போ வேணும்னா 2019ல வந்த டெத் ஸ்ட்ராண்டிங் ஆடுங்க, டெல் டோரோ முகமும் அதுல இருக்கு.