மரப் பலகையில் பித்தளைப் பிள்ளையார்: டர்பன் சுங்கத்தில் சரக்கு நிற்கிறது, எந்த எண் போடுவது?

சாட்ஸ்வர்த் கடைக்காரி:
வணக்கம். சாட்ஸ்வர்த்தில் பூஜைச் சாமான், அலங்காரப் பொருள் கடை வைத்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து கடல் வழியாக வந்த சரக்கு டர்பன் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே மூன்று வகை. மாமரப் பலகையில் பித்தளைப் பிள்ளையார் முகம் பதித்துக் கீழே சின்ன மணிகள் தொங்குகிற சுவர் அலங்காரம், துணியில் கண்ணாடிச் சில்லும் பாசிமணியும் தைத்த வாசல் தோரணம், சட்டம் போட்ட தஞ்சாவூர்ப் படங்கள். சப்ளையர் இன்வாய்ஸில் எல்லாவற்றையும் ஒரே வரியில் "மரக் கைவினைப் பொருள்" என்று எழுதிவிட்டார், கிளியரிங் ஏஜென்டும் அதை அப்படியே பார்த்து மொத்தத்துக்கும் 4420 என்ற சுங்க வகைப்பாட்டு எண்ணைப் போட்டுவிட்டார். இப்போது சார்ஸ் (தென்னாப்பிரிக்க வருவாய்த் துறை) படமும் பொருள் விவரமும் கேட்கிறது. புரட்டாசிக்கு முன்னால் கடைக்கு வந்தாக வேண்டும், கிடங்கு வாடகை வேறு ஏறுகிறது. என்ன செய்வது?

பீனிக்ஸ் தம்பி:
எடை போட்டுப் பாருங்கள் அக்கா. எது அதிகமோ அதுதான், முடிந்தது.

மவுண்ட் எட்ஜ்கூம்பிலிருந்து:
தீபாவளிக்கு விற்கிற சாமான்தானே, பண்டிகைப் பொருள் என்று 9505இல் போட்டால் என்ன?

பழைய கிளார்க்:
தம்பி சொன்ன எடைக் கணக்கு பாதிதான் சரி. துறைமுகத்துக் கிளியரிங் வேலையில் ரொம்ப வருஷம் இருந்தவன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், "கைவினைப் பொருள்" என்று டாரிஃபில், அதாவது சுங்க வரி அட்டவணையில், ஒரு தலைப்பும் கிடையாது. கையால் செய்ததா என்று அங்கே பெரும்பாலும் கேட்பதில்லை (உங்கள் சரக்கில் தஞ்சாவூர்ப் படம் மட்டும் விலக்கு, அதற்கு வருகிறேன்). மரத்தில் செய்த அலங்காரப் பொருள் 4420, பித்தளை போன்ற உலோகத்தில் செய்த அலங்காரப் பொருள் 8306. உங்கள் பிள்ளையார் இரண்டிலும் பாதி பாதி இருக்கிறார். அப்படி வந்தால் வகைப்பாட்டுக்கான பொது விதி 3(பி): அந்தப் பொருளுக்கு அதன் தன்மையைக் கொடுப்பது எந்தப் பகுதி? எடை ஒரு அளவுகோல், அவ்வளவுதான். அளவு, விலை, அந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்பதெல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். உங்கள் கடைக்கு வருகிறவர் பலகையையா வாங்குகிறார்? பிள்ளையாரைத்தான் வாங்குகிறார், பலகை அவருக்கு முதுகுச் சுவர். அதனால் 8306.29 என்பேன், பொன், வெள்ளி முலாம் இருந்தால் மட்டும் 8306.21. இதிலும் தீர்க்க முடியவில்லை என்று அதிகாரி சொன்னால் 3(சி)க்குப் போவார், போட்டியில் இருக்கிற எண்களில் கடைசியாக வருவது எதுவோ அது. அங்கேயும் 8306தான் வரும், எப்படிச் சுற்றினாலும் அதே வீடு.

9505 வேண்டாம். அது பண்டிகைக்கென்றே செய்த பொருளுக்கு. பிள்ளையாரும் தோரணமும் வருஷம் முழுக்கச் சுவரிலும் வாசலிலும் தொங்குகிறவை, அங்கே வாதாடி ஜெயிப்பது கஷ்டம்.

தோரணம் துணிதான் அடிப்படை என்றால் 6304, சுவரில் தொங்கவிடுகிற துணி அலங்காரங்களும் அந்தத் தலைப்பில்தான். அதிலும் நெய்த பருத்தியா செயற்கை நூலா என்று துணை எண் பிரியும், சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள். துணியே இல்லாமல் கண்ணாடிப் பாசி கோத்த சரம் மட்டும் என்றால் 7018. பிளாஸ்டிக் சாமந்தி மாலை வந்திருந்தால் அது 6702.

தஞ்சாவூர்ப் படம் முழுக்கக் கையால் வரைந்தது என்றால் 9701. பார்த்து வரைந்த நகல் என்றாலும் பரவாயில்லை, கையால் வரைந்திருக்க வேண்டும், அவ்வளவே. சட்டமும் அந்தப் படத்துக்கு வழக்கமான வகையும் விலையும் கொண்டதாக இருந்தால் படத்தோடேயே போகும். ஆனால் அச்சடித்த படத்தின் மேல் கல்லும் தங்க நிறத் தாளும் ஒட்டி விற்கிறார்களே, அது வந்திருந்தால் 9701 கிடையாது, 4911 பக்கம் பாருங்கள். ஒன்றைத் திருப்பி வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், அச்சு என்றால் சின்னச் சின்னப் புள்ளி தெரியும்.

சாட்ஸ்வர்த் கடைக்காரி:
ரொம்ப நன்றி அண்ணே. பெட்டி இன்னும் கைக்கு வரவில்லை, ஆனால் முன்னாடி விமானத்தில் சாம்பிளாக வந்த இரண்டு பிள்ளையார் கடையில் இருந்தார்கள். ராத்திரி கடையை மூடிவிட்டு, பாவம் என்று கும்பிட்டுக்கொண்டே ஒருவரின் பின்னால் நான்கு திருகாணியைக் கழற்றினேன். இனிப்பு நிறுக்கிற தராசில் பலகை 1.1 கிலோ, முகம் 700 கிராம். சப்ளையரைக் கேட்டால் 980 ரூபாயில் முகம் மட்டும் 640 என்கிறார். இது வரைக்கும் சரி. இன்னொருவரின் முகம் கையில் லேசாகவே இருந்தது, பின்பக்கம் சாவியால் கீறினேன், பொன் நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாக மாவு மாதிரி வருகிறது! இது பித்தளையே இல்லை.

பழைய கிளார்க்:
அது ரெசின், பிளாஸ்டிக்கில் கல் தூள் கலந்து வார்த்து மேலே வண்ணம் அடித்தது. அந்த மாடலுக்கு 8306 ஓடாது, பிளாஸ்டிக் அலங்காரப் பொருளுக்கான 3926.40. இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள்: 3(சி)க்குப் போனால் இங்கே கடைசி எண் 4420, அதாவது மரம் ஜெயித்துவிடும். அதனால் 3(பி)யிலேயே, முகம்தான் பொருளின் தன்மை என்று விலைப் பிரிப்போடு எழுதிக் காட்டுங்கள். இன்வாய்ஸில் பித்தளை என்று இருந்தால் அதையும் திருத்த வேண்டும். ஏஜென்ட் தப்பாகப் போட்டாலும் இறக்குமதி செய்தவர் தலையில்தான் விடியும்.

பீனிக்ஸ் தம்பி:
எண் மாறினால் எவ்வளவுதான் வித்தியாசம் வரும் அண்ணே?

பழைய கிளார்க்:
இந்தியச் சரக்குக்குத் தனிச் சலுகைப் பத்தி நம் டாரிஃபில் இல்லை, பொது விகிதப் பத்தியைத்தான் பார்க்க வேண்டும். சும்மா ஒரு கணக்குக்கு எஃப்ஓபி மதிப்பு (கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை) 40,000 ராண்ட், சுங்க வரி 10% என்று வைத்துக்கொள். வரி 4,000. வாட் (மதிப்புக் கூட்டு வரி) போட மதிப்போடு முதலில் 10% கூட்ட வேண்டும், 44,000 ஆகிறது, அதில் வரியைச் சேர்த்தால் 48,000, அதில் 15% வாட் 7,200. வாட்டில் பதிவு செய்த கடை என்றால் அதைத் திரும்பக் கழித்துக்கொள்ளலாம், சுங்க வரி போனால் போனதுதான். அதனால்தான் எண்ணுக்கு இந்தச் சண்டை.

கடைக்காரித் தங்கச்சி, இப்போது செய்ய வேண்டியது: இன்வாய்ஸை வகை வகையாகப் பிரித்து வாங்கி, ஏஜென்டிடம் திருத்த வவுச்சர் (முன்பு கொடுத்த சுங்க விவரத்தைத் திருத்துகிற படிவம்) போடச் சொல்லுங்கள், தராசுப் படம், கழற்றின படம், கீறின படம் எல்லாம் இணைக்கட்டும். இழுத்தால், முடிவு வரும் வரை பிணையாகத் தற்காலிகப் பணம் கட்டிச் சரக்கை விடுவிக்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். அடுத்த முறைக்கு, 1964ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் பிரிவு 47(9)இன் கீழ் சார்ஸிடமே எண்ணைத் தீர்மானித்து வாங்கிவிடலாம். காகிதத்தை எல்லாம் 5 வருஷம் பத்திரமாக வையுங்கள்.

சாட்ஸ்வர்த் கடைக்காரி:
வவுச்சர் போட்டாயிற்று, நான்கு வரியாகப் பிரித்து. தோரணத்தையும் படத்தையும் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. பித்தளைக்கும் ரெசினுக்கும் தற்காலிகப் பணம் கட்டச் சொன்னார்கள், கட்டிவிட்டேன், வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. சப்ளையரிடம் ரெசின் கதையைக் கேட்டால் "மேடம், பித்தளை ஃபினிஷ் என்றுதானே சொன்னேன்" என்கிறார்.