வாய் திறக்காதவளுக்கு ஐந்துக்கு ஒன்று

காசிமேட்டுப் பெண்:
பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். அகமதிப்பீடு 25 மதிப்பெண். எங்கள் கல்லூரியில் தேர்வுக்கு 10, வருகைக்கு 5, ஒப்படைப்புக்கு 5, வகுப்பில் பங்கேற்புக்கு 5. அந்தக் கடைசி ஐந்தில் எனக்கு ஒன்று போட்டிருக்கிறார்கள். ஒரு நாள்கூட விடுப்பு எடுத்தவள் இல்லை.

ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன். செலவுக் கணக்கியல் வகுப்பு. முதலில் வந்த சரக்கை முதலில் வெளியே அனுப்புவதற்கு எடுத்துக்காட்டு கேட்டார் சார். எனக்குத் தெரியாதா? என் அம்மா மீன் விற்கிறார். விடியற்காலை ஏலத்தில் புதுக்கூடை எடுத்து வந்தாலும், ஐஸ் பெட்டியில் கிடக்கும் நேற்றைய சங்கராவைத்தான் முதலில் தள்ளிவிடப் பார்ப்பார். தொண்டை வரை வந்தது. சங்கராவுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று யோசிப்பதற்குள் முன்பெஞ்சுப் பையன் ‘மருந்துக் கடை’ என்று சொல்லிவிட்டான். சார் நோட்டில் ஒரு டிக் விழுந்தது. வாய் பேசுபவருக்கு மட்டும்தானா இந்த ஐந்து?

வண்ணாரப்பேட்டை சீனியர்:
ஆமாம், அவர்களுக்கு மட்டும்தான். நான் படித்தபோது, முந்தைய ஆள் சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்லி ஐந்துக்கு ஐந்து வாங்கிய நண்பன் உண்டு. அவன் கடைசிவரை புத்தகமே வாங்கவில்லை.

பெரம்பூர் ஆசிரியர்:
தம்பி சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியில் நானும் குற்றவாளி. எழுபது பேர் உட்காரும் வகுப்பு, ஐம்பது நிமிடம். ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தாலே மணி அடித்துவிடும். பருவக் கடைசியில் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு நினைவிலிருந்து போடுவேன். நினைவுக்கு வருவது அதே ஏழெட்டு முகங்கள். மற்றவர்களுக்கு ஒன்றோ இரண்டோ. இதை மதிப்பீடு என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாகிவிட்டது.

இப்போது வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அரைத்தாள் வாங்குகிறேன். இன்று புரியாதது எது, அல்லது ஓர் எடுத்துக்காட்டு. தமிழிலும் எழுதலாம். வாயே திறக்காத பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்தால், முதல் வரிசையின் மேல் நமக்கிருந்த மரியாதை கொஞ்சம் குறைந்துவிடும். கேள்வி கேட்டவுடன் உயரும் முதல் கையையும் நான் கண்டுகொள்வதில்லை. பத்து நொடி சும்மா நிற்பேன். அந்தப் பத்து நொடி வாத்தியாருக்குத்தான் பெரிய தண்டனை.

அம்மா, உனக்கு ஒன்று சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண்ணைப் பதிவேற்றிய பிறகு மாற்றுவது குதிரைக்கொம்பு. அதற்கு முன் போய்க் கேள். ‘ஏன் குறைத்தீர்கள்’ என்று தொடங்காதே; ‘எதை வைத்துப் போட்டீர்கள்’ என்று கேள். கையோடு அந்த மீன் கணக்கையும் சொல்லிவிடு.

காசிமேட்டுப் பெண்:
இன்று எங்கள் சாரிடம் கேட்டேன், ஐயா. நோட்டைத் திறந்து காட்டினார். என் பெயருக்கு நேரே ஒரே ஒரு டிக், அதுவும் ஜூலையில். பேனா கீழே விழுந்ததா என்று கேட்டதற்கு விழுந்த டிக்காக இருக்கும். ஒன்றை மூன்றாக்குகிறேன் என்று சொல்லவில்லை. சங்கரா கதையை மட்டும் முழுதாகக் கேட்டார். பிறகு, “ஐஸுக்குக் கொடுத்த காசை அம்மா மீன் விலையில் சேர்ப்பாரா, தனிச் செலவாக வைப்பாரா? திங்கட்கிழமை வகுப்பில் சொல், தமிழிலேயே சொல்” என்றார்.

அம்மாவிடம் கேட்டேன். “சேர்க்காமல் யார் வீட்டிலிருந்து போடுவது?” என்கிறார்.