புதுப்பிப்பு: ரேடியேட்டர் சூடாகாத பிரச்சினை, வால்வ் மாற்றியாச்சு

குழாயில் சுடுதண்ணீர் வருகிறது, ஆனால் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் எல்லாம் ஜில்லென்று கிடக்கிறது, தண்ணீரைச் சூடாக்கும் பாய்லரும் அதற்குப் பற்றவில்லை என்று கேட்டிருந்தேனே, அது முடிந்தது. லண்டனில் பழைய வீடு, சுடுதண்ணீருக்கு ஒன்று ரேடியேட்டருக்கு ஒன்று என தண்ணீர் வழியைத் திறந்து மூடும் இரண்டு மோட்டார் வால்வ். ரேடியேட்டர் பக்கத்து வால்வ்தான் குற்றவாளி.

மோட்டாரை மட்டும் மாற்றினால் போதும் என்று சிலர் சொன்னீர்கள். மோட்டார் உறுமத்தான் செய்தது, உள்ளே தண்டுதான் இறுகிப்போய் திரும்ப மறுத்தது. புது மாடல்களில் மோட்டார் உள்ள தலையைத் தனியாகக் கழற்றலாம், இது அந்தக் காலத்து ஆள், அதனால் தண்ணீர் முழுவதையும் வடித்து வால்வையே மாற்ற வேண்டியதாயிற்று. வடிந்தது மை மாதிரி கருப்பு! நிரப்பும்போது துருத்தடுப்பு மருந்தும் ஊற்றியாச்சு.

வயரிங் கேட்டவருக்கு: பழுப்பு வயர் மோட்டாருக்கு, நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். சாம்பலும் ஆரஞ்சும் உள்ளே இருக்கும் குட்டி சுவிட்சுக்கு. வால்வ் திறந்த பிறகுதான் அது ஆரஞ்சு வழியாக பாய்லரைக் கூப்பிடும், அதனால்தான் பாய்லர் சும்மா இருந்திருக்கிறது. கவனம், அறைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை அணைத்தாலும் சாம்பல் வயரில் கரண்ட் இருக்கும், மொத்த சப்ளையையும் நிறுத்திவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இப்போது வீடு சூடாகிறது. மாடி ரேடியேட்டரில் மட்டும் இன்னும் கொஞ்சம் காற்று. சுடுதண்ணீர் வால்வும் அதே வயதுதான், அடுத்த குளிருக்குள் அதையும் மாற்றிவிடுவேன்.